மாக்கோழியும் மின்திரைப் போரும்



இந்தப் பாடம் ஒரு சிறுவனின் வினாவிலிருந்து பிறந்தது. "பாட்டி, யசோதரன் வெட்டியது மாவினால் செய்த கோழி. நான் வெட்டுவது மாவு கூட இல்லை, வெறும் ஒளி. இதில் பாவம் எங்கிருந்து வந்தது?" என்று நம் மகள் வயிற்றுப் பேரன் கேட்டான். அவனுக்கு வயது பதினான்கு. கேட்ட இடம் ஜவ்வாது மலை.

மாணவன் கேட்ட வினா நல்ல வினாவாயின் அதனை அதட்டி அடக்கலாகாது என்பது ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நமக்குக் கற்பிக்கப்பட்ட விதி. பின்னர் பயிற்சி பெற வந்த இளம் ஆசிரியர்களுக்கு நாமும் அதனையே பல்லாண்டுகள் சொல்லி வந்தோம். ஆகவே வாய்க்கு வந்த விடையோடு நிறுத்திவிடாமல், நூல்களைப் புரட்டி, எண்ணிப் பார்த்து இதனை எழுதுகிறோம். பேரனுக்குச் சொல்லும் விடை நம் இல்லங்களில் உள்ள ஏனைய பிள்ளைகளுக்கும் பயன்படக்கூடும். பெரியவர்களுக்கு அது இன்னும் மிகுதியாகப் பயன்படும் என்பதை நாம் நம் சொந்த அனுபவத்தில் அறிந்தோம். அதனை இறுதியில் கூறுவோம்.

மலையில் நிகழ்ந்தது

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு போளூரை அடுத்த திருமலைக்குச் சென்று, பாறையில் பதினாறு அடி உயரத்தில் நின்றருளும் நேமிநாத பகவானை வணங்கினோம். பிறகு போளூர் வழியாக மலையேறி ஜமுனாமரத்தூரில் சில நாட்கள் தங்கினோம். காவலூர் வானாய்வகத்தைக் காண வேண்டும் என்பது பேரனின் விருப்பம். 1986ஆம் ஆண்டு முதல் அங்கு உள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றி அவன் படித்திருந்தான். முதல் நாள் பிற்பகல் கோடை மழை பிடித்துக்கொண்டது. வெளியே செல்ல இயலவில்லை. பேரன் மடிக்கணினியைத் திறந்து அமர்ந்தான்.

பொழுது சாயும் முன் உண்பது நம் இல்லத்து வழக்கம். ஐந்தரை மணிக்கு அழைத்தோம். "இதோ வருகிறேன்" என்றான். ஆறு மணிக்கு மீண்டும் அழைத்தோம். "இந்த ஒரு கட்டம் முடியட்டும்" என்றான். மழை மேகத்தினூடே பொழுது போனதே தெரியவில்லை. அன்றிரவு அவன் உண்ணாமல் படுத்தான். உண்ணாநோன்பு இருந்து பசித்தவன் அல்லன், மறதியினால் பசித்தவன். அது நமக்கு வருத்தம் தந்தது.

மறுநாள் காலையில் நாம் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "அது என்ன விளையாட்டு? எமக்கும் காட்டு" என்று கூறி அருகில் அமர்ந்தோம்.

விளையாட்டு எத்தகையது?

அவன் ஆடியதன் பெயர் ஷாங்க். கனடா நாட்டு வான்கூவர் நகரத்துக் கிளை என்டர்டெயின்மென்ட் நிறுவனம் உருவாக்கி, 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. கதைத்தலைவனின் பெயரும் அதுவே. ஒரு குற்றக் கும்பலுக்குக் கூலிக்கொலைஞனாக இருந்தவன் அவன். அவன் அன்பு கொண்ட பெண்ணையே கொல்லுமாறு கும்பல் கட்டளையிட்டபோது மறுத்தான். கும்பல் அவளைக் கவர்ந்து சென்று, அவனை இறந்தவனாக விட்டுச் சென்றது. அவன் பிழைத்தெழுந்து, கும்பலின் தலைவர்களை ஒருவர்பின் ஒருவராகத் தேடிச் சென்று பழிதீர்க்கிறான். இவ்வளவே கதை.

ஆடும் முறையும் எளியதே. நாம் மனிதர்களைப் பக்கவாட்டில் காண்கிறோம், தோற்பாவைக் கூத்தின் திரையில் காண்பது போல. தலைவன் முன்னேற முன்னேறக் காட்சி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். இருபுறமிருந்தும் பகைவர் வருவர். ஒரு விசை கத்திக்கு, ஒரு விசை கனத்த ஆயுதத்திற்கு, ஒரு விசை துப்பாக்கிக்கு. மரம் அறுக்கும் இயந்திர வாள் கூட ஆயுதமாகக் கையில் வருகிறது. வண்ணச் சித்திரக் கதை போல வரையப்பட்ட படங்கள். ஆனால் குருதி தாராளமாகத் தெறிக்கிறது. அமெரிக்கத் தரக்குழு இதனைப் பதினேழு வயது நிரம்பியவர்க்கு மட்டுமே உரியதென வகைப்படுத்தியுள்ளது. நம் பேரனுக்கு வயது பதினான்கு என்பதை முன்னரே கூறினோம்.

இவ்வகை விளையாட்டு புதியதன்று. இன்றைய தந்தையர் பலர் 1990களில் தொலைக்காட்சிப் பெட்டியோடு கேசட் கருவியை இணைத்துக் காண்ட்ரா ஆடியவர்களே. அது 1987ஆம் ஆண்டு ஜப்பானில் தோன்றியது. அதே ஆண்டு தோன்றிய டபிள் டிராகன், ஒரு பெண்ணை அடித்துத் தூக்கிச் செல்லும் காட்சியோடு தொடங்கும். 1988இல் வந்த நிஞ்ஜா கெய்டன், தலைவனின் தந்தை வாட்போரில் வீழும் காட்சியோடு தொடங்கும். முதலில் ஒரு நிமிடம் அநீதி காட்டப்படும். பிறகு பல மணி நேரம் வெட்டலாம். இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்க. நம் பாடத்தின் மையம் இதுவே.

நாமும் ஆடினோம்

பேரன் நம் கையில் விசைப்பலகையைத் தந்தான். எழுபதைக் கடந்த விரல்கள் முதலில் தடுமாறின. நம் தலைவன் மூன்று முறை மாண்டான். மூன்று முறையும் மீண்டும் எழுந்தான். நான்காம் முறை விரல்கள் வழிக்கு வந்தன. ஒருவன் வீழ்ந்தான், இன்னொருவன் வீழ்ந்தான். நம்மை மூன்று முறை வீழ்த்திய பருத்த உடலினன் ஒருவன் இருந்தான். அவன் வீழ்ந்தபோது நாம் "ஒழிந்தான்!" என்று உரக்கக் கூறிவிட்டோம். பேரன் கைகொட்டி நகைத்தான்.

மறைக்காமல் கூறுகிறோம்: அந்தக் கணத்தில் நமக்கு மகிழ்ச்சி இருந்தது. பற்கள் ஒன்றையொன்று இறுகக் கடித்திருந்தன. காலையில் சுத்திகரித்த நீரை அருந்தும்போது கூட எறும்பு ஒன்று விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் நாம்தாம், பத்து நிமிடத்தில் அந்நிலைக்கு வந்தோம்.

விளையாட்டை நிறுத்திவிட்டு யசோதரன் கதையைச் சொன்னோம். அப்போதுதான் பேரன் மேற்கண்ட வினாவைக் கேட்டான்.

காவியம் கூறுவதும் கூறாததும்

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தின் கதை நம் இல்லங்களில் தெரிந்ததே. இளையோர்க்காகச் சுருக்கிக் கூறுவோம். உச்சயினி வேந்தன் யசோதரன் தன் மனைவியின் ஒழுக்கக் கேட்டைக் கண்டு கலங்கினான். உண்மையை மறைத்துத் தாயிடம் தீக்கனவு கண்டதாகக் கூறினான். தாய் சந்திரமதி சண்டமாரிக்கு உயிர்ப்பலி தருமாறு வற்புறுத்தினாள். அவன் மறுத்தான். இறுதியில் இருவரும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர்: மாவினால் கோழி செய்து அதனை வெட்டுவது. வாள் மாவில்தான் விழுந்தது. ஆயினும் தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கி, விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்று, கோழிகளாகவும் பிறந்து மாண்ட பின்னரே மீண்டும் மனிதப் பிறவி எய்தினர்.

இக்கதையைக் கொண்டு, "திரையில் வெட்டினாலும் யசோதரன் கதிதான்" என்று குழந்தைகளை அச்சுறுத்துவது எளிது. அது சரியான பாடமன்று. யசோதரன் மாவை மாவென்று எண்ணி வெட்டவில்லை. கோழியின் உயிருக்கு ஈடாக அதனை நிறுத்தி, பலியின் பயன் தனக்குக் கிட்ட வேண்டும் என்ற சங்கற்பத்தோடு வெட்டினான். கை மாவில் இருந்தது. கருத்து உயிரில் இருந்தது. நம் பேரனோ எவர் உயிரையும் போக்க எண்ணவில்லை. பக்கத்தில் பல்லி ஒன்று ஓடியபோது, மிதித்துவிடாமல் காலைத் தூக்கிக்கொண்டவன் அவன். ஆகவே இருவரையும் ஒரே தட்டில் நிறுத்துதல் நீதியன்று.

ஆராய்ச்சி உலகமும் இவ்வாறே நிதானமாகப் பேசுகிறது. அமெரிக்க உளவியல் கழகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட தீர்மானத்தில், வன்முறை விளையாட்டுகளே கொடுங்குற்றங்களுக்குக் காரணம் எனக் கூறப் போதிய சான்று இல்லை என்றது. கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டு நடத்தைகளோடு ஒரு சிறு தொடர்பு காணப்படுகிறது என்றும் அதுவே கூறியது. திரையில் வெட்டுபவன் நாளை தெருவில் வெட்டுவான் என்று நாமும் கூறவில்லை.

"அப்படியானால் நான் ஆடலாம்தானே?" என்றான் பேரன்.

வெறும் ஒளியா?

கொலையை நம் ஆசாரியர்கள் இரண்டாகப் பிரித்தனர். உயிரைப் போக்குவது திரவிய ஹிம்சை; உள்ளத்தில் எழும் கொலைப் பரிணாமம் பாவ ஹிம்சை. திரையில் திரவிய ஹிம்சை இல்லை என்பதில் ஐயமில்லை. கேட்க வேண்டியது இரண்டாவதைப் பற்றி.

பொன்னூர் மலையில் தவமிருந்தவராக நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியர், பாவ பாகுடத்தில் ஒரு சிறு மீனைக் குறிப்பிடுகிறார். நெல்லரிசி அளவே உடைய மீன் அது. பெருமீன் ஒன்றின் செவியில் வாழ்ந்தது. பெருமீன் வாயைத் திறந்து உறங்கும்போது, எண்ணற்ற மீன்கள் அதன் வாய்க்குள் புகுந்து வெளியேறுவதைக் கண்டு, "எனக்கு இத்தகைய உடல் இருந்திருந்தால் ஒன்றையும் விட்டிருக்க மாட்டேனே" என்று எண்ணி எண்ணி ஏங்கியது. அது தின்ற மீன் ஒன்றுகூட இல்லை. பெருமீன் புகுந்த அதே ஏழாம் நரகத்தில் அதுவும் புகுந்தது என்பது கதை.

அம்மீனைக் கெடுத்தது ஒரு நொடி எண்ணமன்று. எண்ணியதில் இன்பம் கண்டு, மீண்டும் மீண்டும் அதிலேயே திளைத்தது. இதனையே ரௌத்திர தியானத்தின் முதல் வகையாக, ஹிம்சானந்தம் என்ற பெயரால் நூல்கள் கூறும். கொலையில் மகிழ்தல் என்பது பொருள். "ஒழிந்தான்!" என்று நாம் கூவிய கணம் நினைவுக்கு வருகிறது. அது ஒரு கணத்தோடு நின்றது. நாள்தோறும் மூன்று மணி நேரம் என்றால் அது பயிற்சி. எதனைப் பயில்கிறோமோ அது எளிதாகிறது என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

"வெறும் ஒளி" என்ற சொல்லுக்கும் மலையிலேயே விடை கிடைத்தது. காவலூரில் அறிஞர்கள் இரவெல்லாம் விழித்திருந்து பார்ப்பதும் வெறும் ஒளியைத்தான். விண்மீனை அவர்கள் தொடுவதில்லை. ஆயினும் அந்த ஒளி காண்பவரின் அறிவை மாற்றிவிடுகிறது. ஒளியினால் விண்மீனுக்கு ஒன்றும் நேர்வதில்லை, காண்பவனுக்கு நேர்கிறது. திரையில் வீழும் படத்துக்கும் ஒன்றும் நேர்வதில்லை, வீழ்த்துபவனுக்கு நேர்கிறது. பேரன் இதனை மறுக்கவில்லை.

பெயரில்லாத பிணங்கள்

இன்னொன்றையும் அவனுக்குக் காட்டினோம். ஜவ்வாது மலையின் அடிவாரத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து 1972ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டது. பல்லவர் காலத்தில் ஆநிரை கவர்ந்த பூசல்களிலும், அவற்றை மீட்ட பூசல்களிலும் மாண்டவர்க்கு நட்ட கற்கள் அவற்றுள் பல. கையில் வில்லும் வாளும் ஏந்தி, ஒரு கால் முன்வைத்துப் பாயும் வீரனை அக்கற்களில் காணலாம். நூலில் உள்ள படத்தைக் கண்ட பேரன், "இது என் விளையாட்டைப் போலவே இருக்கிறதே!" என்றான்.

போலவே இருப்பினும் வேறுபாடு உண்டு. கல்லில் வீழ்ந்தவனுக்குப் பெயர் உண்டு. எவன் ஆட்சியில், எந்தப் பூசலில் வீழ்ந்தான் என்ற குறிப்பு உண்டு. எடுத்தனூரில் உள்ள ஒரு கல், வீரனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லி நினைக்கிறது. போரை நம் சமயம் போற்றுவதில்லை. ஆயினும் ஒரு நாயின் சாவு கூட ஒரு சாவு என்று அம்மக்கள் உணர்ந்திருந்தனர்.

நம் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் நடைபெறும் பாரதக் கூத்தும் பழிதீர்க்கும் கதையே. படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் பேருருவமாகக் கிடத்துவர். விரித்த கூந்தலைத் திரௌபதி முடிவாள். ஆனால் வீழ்ந்தவனுக்காக அழும் புலம்பலும் அக்களத்திலேயே உண்டு. வென்றவள் கூந்தல் முடிப்பதைக் கண்டவர், தோற்றவள் அழுவதையும் கேட்டே வீடு திரும்ப வேண்டும்.

ஷாங்க் விளையாட்டில் ஒரு கட்டத்தில் வீழ்பவர் எத்தனை பேர் என்று எண்ணுமாறு பேரனிடம் கூறினோம். நாற்பது வரை எண்ணிவிட்டு, "இனி எண்ண முடியாது பாட்டி, எண்ணினால் ஆட முடியவில்லை" என்றான். அவன் அறியாமலே மிகச் சரியாகச் சொல்லிவிட்டான். எண்ணாமல் இருந்தால்தான் ஆட முடியும்.

பழி என்னும் அனுமதிச் சீட்டு

இப்போது மையத்துக்கு வருவோம். ஷாங்க் என்பவன் காரணமின்றிக் கொன்றால் நம் பேரன் அதனை ஆடமாட்டான், வெறுப்பான். "அவர்கள் முதலில் அவனுக்குத் தீங்கு செய்தார்களே" என்றுதான் அவன் வாதிட்டான். முதல் நிமிடத்தில் காட்டப்படும் அநீதி, பின்னர் வரும் அத்தனை வெட்டுக்கும் அனுமதிச் சீட்டு ஆகிறது. சினத்துக்கு நியாயம் என்ற ஆடை உடுத்திவிட்டால், அது சினம் என்பது சினந்தவனுக்கே தெரியாமற் போகிறது. இவ்வகை விளையாட்டில் நாம் அஞ்ச வேண்டியது குருதியின் நிறத்தை விட இதுவே.

பார்சுவநாத பகவானின் பிறவிக் கதையை இங்கு எண்ணுக. கமடனும் மருபூதியும் உடன்பிறந்தோர். மூத்தவன் கமடன், தம்பியின் மனைவியிடம் தகாது நடந்து, அரசனால் நாடு கடத்தப்பட்டான். தீங்கு செய்யப்பட்டவன் தம்பி. பழிதீர்க்க உரிமை இருந்தால் அது அவனுக்கே. அவனோ மன்னிப்பு வேண்டி அண்ணனைத் தேடிச் சென்றான். பாறையைத் தூக்கித் தவம் செய்துகொண்டிருந்த கமடன், அதனைத் தம்பி தலைமேல் போட்டான். தம்பி யானையாகப் பிறந்தான். கமடன் பாம்பாகப் பிறந்து கடித்தான். இவ்வாறு பிறவிதோறும் பகை தொடர்ந்தது. ஒருவன் பகையை வளர்த்தான். ஒருவன் அதனைத் தன்னிடம் நிறுத்தினான். நிறுத்தியவன் தீர்த்தங்கரன் ஆனான்.

விளையாட்டில் பழி இறுதித் தலைவனோடு முடிந்துவிடும். இரண்டாம் நாள் பேரன் அக்கட்டத்தையும் முடித்தான். "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டோம். "எழுத்துகள் ஓடின, முடிந்துவிட்டது" என்றான். வென்றவன் முகத்தில் எதிர்பார்த்த மகிழ்ச்சி இல்லை. நம் கதைகளில் எழுத்துகள் ஓடுவதில்லை, வினைதான் ஓடுகிறது.

பேரனின் இரண்டாம் வினா

கமடன் கதையைக் கேட்டு முடித்தபின் அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "பாட்டி, பெரிய தாத்தா வீட்டாரோடு நாம் ஏன் பேசுவதில்லை?" என்றான்.

நம் கணவருக்கும் அவர் தமையனார்க்கும் பொதுக் கிணற்றின் முறைத் தண்ணீர் பற்றி ஒரு வழக்கு எழுந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. உடன்பிறந்தோர் இருவரும் காலமாகிவிட்டனர். ஓரகத்தியார் மட்டும் இருக்கிறார். ஒரே ஜினாலயத்தில் வணங்குகிறோம், ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. அவர்கள் நமக்குச் செய்த தீங்கைப் பேரப்பிள்ளைகள் முன்னிலையில் பலமுறை கூறியிருக்கிறோம். நாம் செய்ததைக் கூறியதில்லை. கேட்பவர்க்கு முதல் காட்சியை மட்டும் காட்டி வந்தோம்.

ஆகவே பழியின் பாடத்தைப் பேரன் மடிக்கணினியில் முதன்முதலாகக் கற்கவில்லை. அதனை நம் திண்ணையிலேயே கற்றிருந்தான். அந்தக் கணம் நாம் விடை கூறவில்லை, கூற இயலவில்லை.

போட்டி தீதன்று

இதனைப் படித்து, எல்லா விளையாட்டும் தீது என்று எவரும் முடிவு செய்ய வேண்டா. பரதனும் பாகுபலியும் எதிர்த்து நின்றபோது, படைகள் மாளலாகாது என்று அமைச்சர்கள் கண்ட வழி விளையாட்டேயன்றோ? பார்வைப் போர், நீர்ப் போர், மற்போர் என மூன்று போட்டிகள். மூன்றிலும் பாகுபலி வென்றார். மற்போரில் அண்ணனைத் தூக்கியவர், எறியாமல் இறக்கி விட்டார். சிரவணபெளகொளாவில் 57 அடி உயரத்தில் நிற்பவர், வெல்லும் ஆற்றல் இருந்தும் நிறுத்தத் தெரிந்தவர். ஓட்டம், தாவல், புதிர், சதுரங்கம், திரையிலேயே குருதியின்றி ஆடும் விளையாட்டுகள் எத்தனையோ உள்ளன. விரைந்த கண்ணும் கையும் குற்றமல்ல.

இல்லங்களுக்குச் சில நெறிகள்

சட்டம் இதனைப் பார்த்துக்கொள்ளும் என்று இருத்தல் இயலாது. 2020 செப்டம்பரில் மைய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடுத்தது. அதற்குக் கூறிய காரணம் நாட்டின் பாதுகாப்பேயன்றி விளையாட்டின் வன்முறையன்று. 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் தடுப்பது பணம் வைத்து ஆடுவதை. பிள்ளையின் உள்ளத்தில் எது பயில்கிறது என்பதைக் காண்பது இல்லத்தின் கடமை.

நம் சாவக நோன்புகளில் அதற்கு இடம் உண்டு. பயனின்றி வினை சேர்க்கும் செயல்களை விலக்குவது அனர்த்த தண்ட விரதம். சமந்தபத்திரர் அவற்றை ஐந்தாக வகுத்தார்: தீவினைக்கு அறிவுரை தருதல், கொலைக் கருவி கொடுத்தல், பிறர்க்குத் தீங்கு எண்ணுதல், உள்ளத்தைக் கெடுப்பன கேட்டல், கவனமின்றி நடத்தல். இவற்றைக் கொண்டு நாம் வகுத்தவை வருமாறு:

1. வாங்கித் தருமுன் வயது முத்திரையைப் பெற்றோர் பார்த்தல் வேண்டும். பிள்ளை கேட்டதைப் பாராமல் தருவதும் கருவி கொடுத்தலே.

2. பிடுங்குதலும் ஒளித்தலும் பயன் தாரா. முதலில் அருகில் அமர்ந்து காண்க. இயன்றால் தாமும் ஆடிப் பார்க்க. ஆடாதவர் சொல்லைப் பிள்ளை மதிப்பதில்லை.

3. பொழுது சாயும் முன் உணவு. உணவுக்கு முன் திரை மூடல். இதற்கு விலக்கில்லை.

4. ஆட்டம் முடிந்ததும் மூன்று வினாக்கள் கேட்க: யார் வீழ்ந்தனர்? அவர்களை வீழ்த்த நமக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன? வீழ்ந்தபோது உன் உள்ளத்தில் என்ன எழுந்தது? உண்மை விடைக்குத் தண்டனை இல்லை.

5. சினம் தணியாமல் ஆட்டத்தை முடித்து எழுந்தால், உறங்குமுன் பஞ்சநமஸ்காரம் சொல்லி உள்ளத்தை அமைதிப்படுத்துக.

6. பிள்ளைகள் முன்னிலையில் உறவினர் பகையைப் பேசற்க.

ஆறாவது விதியை நாம் நமக்காக எழுதினோம்.

விடை

தசலட்சணப் பருவத்தின் முதல் நாள் உத்தம பொறுமைக்கு உரியது. பருவம் முடிந்ததும் வருவது க்ஷமாவணி நாள். ஆண்டுதோறும் அந்நாளில், பிணக்கு இல்லாதவரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டு வந்தோம். இவ்வாண்டு பேரனை உடன் அழைத்துக்கொண்டு ஓரகத்தியார் இல்லத்துக்குச் சென்றோம். "அக்கா, இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும்" என்றோம். அவர்கள் செய்ததைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டும் என்று நா துடித்தது உண்மை. அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே சென்று, துணியில் வடித்த நீரை ஒரு குவளையில் கொணர்ந்து பேரனிடம் கொடுத்தார். நமக்கும் கொடுத்தார். அந்தக் கிணற்றின் நீர்தான். வழக்கு இன்னும் தீரவில்லை, பேச்சு தொடங்கியிருக்கிறது.

இனிப் பேரனுக்கு நம் விடை: நீ வெட்டியதால் எவரும் மாளவில்லை, ஆதலால் நீ கொலைஞன் அல்லன். ஆனால் தீங்கு செய்தவன் மீது எதுவும் செய்யலாம் என்னும் எண்ணத்தை அந்த விளையாட்டு உனக்குப் பயிற்றியது, அப்பயிற்சி உயிருள்ளது. பதினேழு வயது வரை அதனை ஒதுக்கி வை. அதன்பின் நீயே எண்ணி முடிவு செய். பாட்டியும் தன் விளையாட்டை நிறுத்த முயல்கிறாள்.

கலந்துரையாடற்கு வினாக்கள்

1. யசோதரன் மாக்கோழியை வெட்டியதற்கும் திரையில் பகைவனை வெட்டுவதற்கும் உள்ள ஒற்றுமை என்ன? வேற்றுமை என்ன?

2. சிறு மீன் ஒன்றையும் தின்னவில்லை. அது செய்த பிழையை உங்கள் சொற்களில் கூறுக.

3. மருபூதி பழிதீர்த்திருந்தால் அவன் கதை எங்கு முடிந்திருக்கும்?

4. உங்கள் இல்லத்தில் யாரோடு பேச்சு நின்றுள்ளது? முதல் காட்சியை அவர்கள் எவ்வாறு கூறுவர் என்று எண்ணிப் பாருங்கள்.

கொல்லா நெறி ஓங்குக.